நகையை மறைத்த முகம்: கலித்தொகை 51ஆம் பாடலும் மெய்ப்பாட்டியலும்

தமிழில் நகைச்சுவை குறித்து எழுதப்பெறும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாயில் வழியாக உள்ளே நுழைகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினை அதற்கு நிலைக்களனாக வகுத்தார். இந்நான்குக்கும் சங்கப் பாடல்களிலிருந்து சான்று திரட்டித் தருவதே நகைச்சுவை ஆய்வு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சான்று திரட்டுதல் வேண்டுவதே. எனினும், நான்கு நிலைக்களனும் நகை எதனால் பிறக்கிறது என்பதையே சொல்லுகின்றன. பிறந்த நகை, அல்லது பிறக்கவிடாமல் அடக்கப்பட்ட நகை, கூடியிருப்போரிடையே என்ன செய்கிறது என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. ஒருவர் மானம் குலையவிருக்கும் நேரத்தில், அவையோ வீடோ கலங்கி நிற்கையில், மற்றொருவர் ஒரு சொல்லால் அக்கலக்கத்தைத் தணிப்பது நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. சங்கப் பாடல்களும் அதனை அறிந்திருந்தன. இலக்கணம் அதனை எங்கே வைத்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கெனக் குறிஞ்சிக்கலியின் 51ஆம் பாடல் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் ஆசிரியர் கபிலரா, கலித்தொகை முழுவதையும் ஒருவரே பாடினாரா என்னும் நெடுநாள் வழக்கு இங்குத் தேவைப்படாது.

விக்கல் என்னும் விடை

பாடலின் நிகழ்ச்சி தமிழ் பயின்ற அனைவரும் அறிந்தது. தலைவி தோழிக்குக் கூறுகிறாள். தெருவில் தாம் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தும், சூடிய மாலையை அறுத்தும், வரிப்பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த ஒருவன், பின்னொரு நாள் தாயும் மகளும் வீட்டில் இருக்கையில் வாயிலில் வந்து நின்று உண்ண நீர் கேட்கிறான். தாய் பொற்கலத்தில் வார்த்துக் கொடுத்துவரச் சொல்லுகிறாள். வந்தவன் அவன் என்று அறியாமல் சென்ற மகளின் வளையணிந்த முன்கையை அவன் பற்றுகிறான். அவள் மருண்டு, இவன் செய்ததைப் பார் எனத் தாயை அழைக்கிறாள். தாய் அலறிக்கொண்டு வருகிறாள். மகளோ, நீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கல் எடுத்தது என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் அவளைக் கடைக்கண்ணால் கொல்பவன்போல் நோக்கிச் சிரிக்கிறான்.

இங்கு முதற்கண் கருதத்தக்கது, தலைவியின் முதற் கூற்றின் அமைப்பு. அவள் தாயை அழைத்தபோது அவன் ஒன்று செய்தான் என்றாளேயன்றிக் கையைப் பற்றினான் என்று சொல்லவில்லை. செய்கை இன்னதென நிரப்பப்படாத வெற்றிடம் ஒன்று அக்கூற்றில் உள்ளது. மருட்சியில் வாய்வந்தபடி கூறியதாகக் கொள்ளினும், திட்டமிட்டு விட்டதாகக் கொள்ளினும், அவ்வெற்றிடமே பின்னர் அவளுக்குக் கைகொடுக்கிறது. இரண்டாம் கூற்று முதற் கூற்றை மறுக்கவில்லை, அதனை நிரப்புகிறது. அவன் செய்தது விக்கியது! விருந்தினன் ஒருவன் விக்கியதற்காகத் தாய் அலறும்படி ஒரு பெண் கூவினாள் என்றால், காரணத்துக்கும் கூச்சலுக்கும் உள்ள பொருத்தமின்மையே சிரிப்புக்குரியது. ஆயினும் அவ்விடத்தில் நிற்கும் மூவருள் அப்பொருத்தமின்மையை உணர்ந்து சிரிக்கும் உரிமை பெற்றவன் ஒருவனே. தாய்க்கு அது செய்தி. தலைவிக்கு அது அடக்கிக்கொள்ள வேண்டிய ஒன்று.

விலக்க இயலாத விருந்தாக வந்து புகும் தலைவனைப் பற்றிய களவியல் விதியோடு இப்பாடல் பொருத்திக் காட்டப்படுவதும் நினைக்கத்தக்கது. நீர் கேட்டு வந்தவனுக்கு இல்லை என்னும் வழக்கம் தமிழ்க் குடும்பத்துக்கு இல்லை. அவனை வைவதும் துரத்துவதும் விருந்தறத்துக்கு இழுக்கு; பொறுப்பதோ மகளின் மானத்துக்கு இழுக்கு. தாய் ஓடிவரும் சில நொடிகளில் இவ்விரண்டு அறங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. விக்கல் என்னும் விடை இரண்டையும் காக்கிறது. விருந்தினன் விருந்தினனாகவே நிற்கிறான். மகள் மகளாகவே நிற்கிறாள். தாய்க்கும் செய்வதற்கு ஒரு தொழில் கிடைத்துவிடுகிறது. அலறி வந்த கை முதுகைத் தடவும் கையாக மாறுவதில்தான் பாடலின் நாடகம் முழுவதும் அடங்கியுள்ளது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அந்நம்பிக்கை அக்காலத்தும் விக்கலுக்கு இருந்ததென்று இப்பாடலைக்கொண்டு மட்டும் சாதிக்க இயலாது. இருந்திருப்பின், தலைவி சொன்ன பொய்யினுள் ஓர் உண்மையும் ஒளிந்திருந்ததாகும்.

மெய்ப்பாடு காணாத நகை

இனி இலக்கணத்துக்கு வருவோம். இப்பாடலின் நகையை நான்கு நிலைக்களனுள் எதில் அடக்குவது? தலைவன் தலைவியர்தம் விளையாட்டைக் கருதி இளமை எனலாம். சொன்னதை அப்படியே ஏற்ற தாயைக் கருதி மடன் எனலாம்; பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாமை என்று உரைமரபு மடத்துக்குக் கூறும் பொருள் தாய்க்குப் பொருந்தும். இவ்வாறு அடக்கிவிட்டு அமைதி அடைவது எளிது. ஆனால் இரண்டு விடையும் தலைவனின் சிரிப்புக்கே காரணம் கூறுகின்றன. நிலைமையைத் தணித்தவள் தலைவி, அவளோ சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் பொய் வெளிப்பட்டிருக்கும். கலக்கத்தைத் தணிக்கும் நகைச்சுவையின் முதல் விதியே, அதனை ஆள்பவர் முகத்தில் அது தோன்றக் கூடாது என்பதுதான்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி பிறர்க்குப் புலனாகும்படி மெய்யின்கண் வெளிப்படுவது. பேராசிரியர் நகையை முறுவலித்தல், அளவே சிரித்தல், பெருகச் சிரித்தல் என மூன்றாகப் பகுப்பதும் கண்ணுக்கும் செவிக்கும் புலனாகும் அளவுகோலைக் கொண்டே. அவ்வாறாயின் மெய்யில் படாத நகைக்கு மெய்ப்பாட்டியலில் இடம் எது? இடம் இல்லை என்று விரைந்து கூறுவோரும் உளர். எண்வகை மெய்ப்பாட்டுப் பகுதியோடு நூலை மூடிவிடுவதால் நேரும் முடிபு அது. அதே இயலில், களவு தொடங்கும் நிலையில் தலைவிபால் நிகழும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் படிப்படியாக நிரல்படுத்துகிறார். அவற்றின் முதற் கூறிலேயே நகுநயம் மறைத்தல் என்பது இடம்பெறுகிறது. அதனை அடுத்து நிற்பது சிதைவு பிறர்க்கின்மை. உள்ளம் நெகிழ்ந்தமை பிறர்க்குத் தெரியாமல் காத்தல் என்பது அதன் கருத்து. நகுதற்குரிய மகிழ்ச்சியை மறைத்தலும் ஒரு மெய்ப்பாடே என்று இலக்கணம் தெளிவாகக் கூறியிருக்கிறது. மறைத்தல் எப்படி மெய்ப்பாடாகும் எனின், மறைக்கும் முயற்சி மெய்யில் புலப்படும். அதனைக் காணவேண்டியவர் காண்பர்.

இவ்விரு பகுதிகளும் ஒரே இயலில் சற்றுத் தொலைவில் நிற்பதால் நம் ஆய்வுகள் ஒன்றை நகைச்சுவைக்கும் மற்றொன்றைக் காதலுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டன. கலித்தொகைப் பாடலோ இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்படி நம்மைக் கேட்கிறது. தாய்முன் நிற்கும் தலைவியின் முகம் நகுநயத்தை மறைத்த முகம். தாய்க்கு அம்முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. அவன் சிரிப்பு அம்மறைத்தலுக்குக் கிடைத்த விடை. அச்சிரிப்பைக் குறிக்கப் பாடல் ஆளும் நகைக்கூட்டம் என்னும் தொடரும் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. கூட்டம் என்பது அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் கூடுதலைக் குறிக்கும் கலைச்சொல். கைப்பற்றல் நிகழ்ந்தபோது கூட்டம் நிகழவில்லை, மருட்சியே நிகழ்ந்தது. ஒருவர் மறைக்க மற்றவர் வெளிப்படுத்திய சிரிப்பில்தான் கூட்டம் நிகழ்ந்தது. அத்தொடரை இவ்வாறு பொருள்கொள்வது இக்கட்டுரையாளர் கருத்து; நகையோடு கூடிய பார்வை என எளிமையாகக் கொள்வார்க்கும் தடையில்லை.

வடமொழி நாட்டிய சாஸ்திரம் ஹாஸ்யத்தைத் தன்னிடம் நிகழ்வது, பிறரிடம் நிகழ்வது என இரண்டாக்குகிறது. பேராசிரியரும் எள்ளலை, தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் எனப் பகுப்பார். இவ்விரண்டாவது பகுப்பு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. எள்ளப்பட்டவனே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் எள்ளல் கூர் மழுங்கிப்போகும் என்பதை உலகியல் அறியும். உரையாசிரியர் இவ்வளவு தொட்டுக் காட்டியும், அவருக்குப் பின் வந்த நாம் இதனை வளர்த்தெடுக்கவில்லை என்றே சொல்லவேண்டியுள்ளது.

கைப்பற்றியது குறும்பா?

இப்பாடலை இன்று வகுப்பறையில் நடத்தும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. காதற் குறும்பு என்று இதனைச் சுவைபடச் சொல்லிச் செல்லுதல் நெடுநாள் வழக்கம். விருப்பம் கேளாது ஒரு பெண்ணின் கையைப் பற்றுதல் குறும்பாகுமா, அத்துமீறல் அன்றோ என்று இன்றைய மாணவியர் கேட்பது நியாயமான வினா. காலத்தைக் காரணம் காட்டி அவ்வினாவைத் தள்ளிவிடுவது ஆய்வுநெறி ஆகாது. பாடலே அவள் மருண்டாள் என்கிறது. அவள் கூவினாள் என்கிறது. தோழியிடம் கூறும்போதும் அவனைக் கள்வன் பிள்ளை என்றே வைகிறாள். இவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியதைச் சுவைப்பது பாடலைப் பாதியாகப் படிப்பதாகும்.

எனினும் மறுபாதியும் உண்டு. தாய் ஓடிவரும் அந்நேரத்தில் நிகழ்ச்சியின் திறவுகோல் யார் கையில் இருந்தது? ஒரு சொல்லால் அவனை ஊரார்முன் தலைகுனியச் செய்யும் ஆற்றல் தலைவிக்கே இருந்தது. கையைப் பற்றியவன் கையறு நிலையில் நின்றான். அவள் அவ்வாற்றலைப் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டாள். அவன் சிரிப்பு வென்றவன் சிரிப்பன்று, கடன்பட்டவன் சிரிப்பு என்று கொள்ளப் பாடல் இடந்தருகிறது. அவன் பார்வை கொல்வதுபோல் இருந்தது என்று அவளே கூறுவதால், அச்சம் முழுவதும் நீங்கியதாகவும் கொள்ள இயலாது. நிலைமை தணிந்தது, ஆனால் தணிந்ததன் பளுவை ஏற்றவள் அவள். தாயிடம் பொய் கூறியவள் என்னும் சுமை இனி அவளுடையது. அச்சுமையை இறக்கிவைக்கவே தோழி தேவைப்படுகிறாள் போலும்.

சிரிப்பு ஓர் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று பொதுவாகக் கூறுவதில் உள்ள குறை இதுதான். சங்கப் பாடல்களில் இறுக்கம் மறைவதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் செல்கிறது. கலித்தொகை 65ஆம் பாடலிலும் இதனைக் காணலாம். இரவுக்குறியில் தலைவனுக்காகக் காத்து நின்றவள்முன் முதிய பார்ப்பான் ஒருவன் வந்து சேர்கிறான். தம்பலம் தின்கிறாயா என்று கேட்கிறான். அவள் பேசாது நிற்கவே அவளைப் பேய் என்று எண்ணி அஞ்சி உளறுகிறான். அவள் ஒரு கை மணலை அள்ளித் தூவ, அவன் ஊர் எழுமாறு கத்துகிறான். குறி இடையீடுபட்டது. ஊர் அறிந்திருந்தால் அலர் எழுந்து பெருந்துன்பம் விளைந்திருக்கும். அவளோ இதனை ஊரே சிரிக்கத்தக்க வேடிக்கை என்று தோழியிடம் தொடங்கி, புலிக்கு விரித்த வலையில் குறுநரி விழுந்தது எனச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். அச்சம் சிரிப்பாயிற்று, ஆனால் அச்சிரிப்பின் விலையைக் கொடுத்தவன் முதுமையும் உடற்குறையும் உடைய ஒருவன். கலித்தொகையின் நகை எங்கும் இனியது என்று கொள்வார், மருதக்கலியில் கூனியும் குறளனும் ஒருவர் உடலை ஒருவர் பழித்துப் பேசும் 94ஆம் பாடலையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

ஒரு சொல், இரு செவி

அகநானூற்றில் சாகலாசனார் பாடிய 16ஆம் பாடலை நகைச்சுவைக்குச் சான்றாக யாரும் காட்டுவதில்லை. ஆயினும் கலக்கத்தைத் தணிக்கும் சொல்லுக்கு அதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. தேர் ஓடும் தெருவில் தனியே நின்ற தன் மகனைப் பரத்தை ஒருத்தி, காண்பார் இல்லை என்று எண்ணி எடுத்துத் தழுவியதைத் தலைவி கண்டுவிடுகிறாள். இருவர்க்கும் இதைவிடக் கூசத்தக்க நிலை வேறில்லை. தலைவி அருகில் சென்று, மயங்காதே, நீயும் இவனுக்குத் தாயே என்கிறாள். களவைக் கண்டுபிடித்தவர்முன் கள்வர் நிற்பதுபோல் அப்பரத்தை தலைகவிழ்ந்து கால்விரலால் நிலத்தைக் கீறி நின்றாள். இதனைத் தலைவி சொல்லுவது யாரிடம்? பரத்தையர் யாரையும் அறியேன் என்று கூறி நிற்கும் தலைவனிடம்.

தெருவில் கூறியபோது அச்சொல் பெருந்தன்மை. ஒருத்தியின் நாணத்தைப் போர்த்தியது. அதே சொல்லை வீட்டில் எடுத்துக்கூறும்போது அது எள்ளல்; ஒருவன் பொய்யைத் தோலுரித்தது. சொல் மாறவில்லை, கேட்கும் செவி மாறியது. எள்ளல் என்னும் நிலைக்களனைப் பொருளைக்கொண்டு மட்டும் வரையறுப்பது போதாது, யார் முன்னிலையில் என்பதும் சேரவேண்டும் என்பதற்கு இப்பாடல் தக்க சான்று. அதியமான் பொருட்டுத் தூது சென்ற ஔவையார், தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, அழகாக அணிசெய்து வைக்கப்பட்ட அவன் வேல்களைப் புகழ்வதுபோல் பழித்த புறநானூற்று 95ஆம் பாடலையும் இவ்வகையிலேயே மதிப்பிட வேண்டும். அப்பாடலால் போர் நின்றதென மேடைகளில் கூறக் கேட்கிறோம். பாடல் அவ்வாறு கூறவில்லை. நகைச்சுவை பகையைத் தணித்தே தீரும் என்னும் நம் விருப்பத்தைப் பாடலின்மேல் ஏற்றுகிறோம்.

விளையாட்டாகச் சொன்னேன் என்னும் சொல் தீங்கும் செய்யும் என்பதற்குக் காளிதாசன் சாகுந்தலத்தை ஒப்புநோக்கலாம். இரண்டாம் அங்க இறுதியில் துஷ்யந்தன், தன் காதலை விதூஷகன் அந்தப்புரத்தில் சொல்லிவிடுவானோ என்று அஞ்சி, தான் கூறியதெல்லாம் பரிகாசம் என்று சொல்லி அவனை நகருக்கு அனுப்புகிறான். கூச்சத்துக்குரிய நிலை எளிதாகத் தணிந்தது. ஆறாம் அங்கத்தில், ஏன் எனக்கு நினைவூட்டவில்லை என அரசன் வருந்தும்போது, பரிகாசம் என்று நீரே சொன்னீர், நான் நம்பிவிட்டேன் என்கிறான் விதூஷகன். தலைவியின் விக்கற் பொய்யும் அரசனின் பரிகாசப் பொய்யும் காதலை மறைப்பதில் ஒத்தவை. அவள் பொய்யை அறிந்த ஒருவன் உடன் நின்றான். தோழியும் பின்னர் அறிந்தாள். அரசன் பொய்யை அறிந்தார் ஒருவரும் அங்கு இல்லை. பிராகிருத காதாசப்தசதியில், தேள் கடித்ததாக நடித்துக் கணவன் காணவே மருத்துவனாகிய காதலன் வீட்டுக்குத் தோழியரால் கொண்டுசெல்லப்படும் பெண்ணையும் இங்கு நினைக்கலாம். அங்கும் தோழியர் உடந்தை. சங்கப் பாடலுக்கும் இப்பிராகிருதத் தொகுப்புக்கும் உள்ள உறவை ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உடல்நோவைக் காரணம் காட்டி நிலைமையைக் காக்கும் இவ்வுத்தியும் அவ்வொப்பாய்வில் சேர்க்கத்தக்கது.

பண்புடைமை அதிகாரத்தில்

வள்ளுவர் நகையை வைத்த இடங்களுள் ஒன்று ஆய்வாளரை வியக்கச் செய்வது. பிறரோடு நகுதல் வல்லவர் அல்லாதார்க்கு இவ்வுலகம் பகலிலும் இருளில் கிடப்பதேயாகும் என்னும் கருத்துடைய 999ஆம் குறள் பண்புடைமை அதிகாரத்தில் உள்ளது. பரிமேலழகர் இந்நகுதலைப் பிறரோடு கலந்து உள்ளம் மகிழ்தல் என்னும் பொருள்பட விளக்குவார். அதே அதிகாரத்தின் 995ஆம் குறள், விளையாட்டின் இடையிலும் இகழ்ச்சி இன்னாதது என்கிறது. நகத் தெரியாதவனும் பண்பிலி, நகையில் இகழ்பவனும் பண்பிலி. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி மிகக் குறுகியது. நகையைச் சுவையாகக் கொண்டு எண்ணிய இலக்கண மரபுக்கும், அதனைப் பண்பாகக் கொண்டு எண்ணிய அற மரபுக்கும் உள்ள இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்க விரிவுடையது.

காமத்துப்பாலில் வள்ளுவர் விக்கலுக்கு இணையாகத் தும்மலை எடுத்துக்கொள்கிறார். தலைவன் தும்மினான், தலைவி வாழ்த்தினாள், உடனே, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுதாள். அடுத்த முறை தும்மலை அடக்கினான். நும்மவர் நினைப்பதை எம்மிடம் மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுதாள். படிப்பவர்க்குச் சிரிப்பு வருகிறது. அவர்களிடையே ஊடல் தணியவில்லை. குறிஞ்சிக்கலியில் எடுக்காத விக்கல் ஒரு வீட்டின் கலக்கத்தைத் தீர்த்தது. குறளில் உண்மையாக எடுத்த தும்மல் ஒரு கலக்கத்தை உண்டாக்கியது. தும்மலுக்கு அங்கே பொருள் கூறுபவள் ஐயுறும் தலைவி. விக்கலுக்கு இங்கே பொருள் கூறுபவளும் தலைவியே, அவளை நம்பியவள் தாய்.

தாய் உண்மையாகவே நம்பினாளா என்பது வேறு வினா. மகளின் முதற் கூவலையும் இரண்டாம் விடையையும் அடுத்தடுத்துக் கேட்டவள் அவள். உலகியல் அறிந்த முதியவள். நிலைமையைத் தணிக்க அவளும் தன் நகையை மறைத்துக்கொண்டு முதுகைத் தடவியிருக்கலாம். அப்போது அவள் முகம் எவ்வாறு இருந்தது என்று தலைவி தோழிக்குச் சொல்லவில்லை. அவள் கண் அந்நேரத்தில் அவன் கடைக்கண்ணின்மேல் இருந்தது.